அம்மா கேட்ட பேய்ப்படம்

போன மாதம் நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார், சின்ன வயதில் உங்களை நடுங்கவைத்த படம் எது என்று. ஆளாளுக்குப் பதில் போட்டீர்கள். ஒருத்தி பொம்மை கண் சிமிட்டும் படத்தைச் சொன்னாள். இன்னொருவன் இடைவேளைக்கு முன்பே அப்பாவைத் தியேட்டரிலிருந்து இழுத்துக்கொண்டு ஓடிவந்த கதையைச் சொன்னான். நானும் எழுத உட்கார்ந்தேன். ஒரு வரியில் அடங்கவில்லை. அழித்துவிட்டேன். நம்மில் சிலருக்கு இப்போதே காதோரம் நரைத்துவிட்டது. சிலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். இதை இனி எப்போது சொல்வது என்று தோன்றியதால் நீளமாகவே எழுதுகிறேன்.

படத்தின் பெயர் எனக்குத் தெரியாது. டிஸ்க்கின் மேல் மார்க்கர் பேனாவால் 'இங்கிலீஷ் பேய், தமிழ்' என்று மட்டும் எழுதியிருந்தது.

நாம் ஏழாவது படித்த ஆண்டு அது. டிவிடி கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. பென் டிரைவ் வந்துவிட்டது, ஆனால் அதைச் சொருக எல்லார் வீட்டு டிவியிலும் இடம் கிடையாது. தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. நினைவிருக்கிறதா? விருத்தாசலம் பக்கமெல்லாம் பகலில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. அனல் மின் நிலையத்தை ஒட்டியிருந்த நம் நகரியத்தில் மட்டும் மின்விசிறி நிற்காது. வெயில் காலத்தில் பணக்காரர்கள் மலைக்குப் போவதுபோல நம் உறவுக்காரர்கள் நம் குவார்ட்டர்ஸ் தேடி வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு அப்படி வந்தவள் என் சித்தி, அம்மாவின் தங்கை.

சித்தி அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஊரில் இரண்டு முறை எழுதி, கொஞ்சத்தில் தவறிவிட்டது. இந்த முறையும் கிடைக்காவிட்டால் கல்யாணம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஒரு கட்டைப் பையில் துணியும் இன்னொரு பையில் கைடுகளுமாக வந்து இறங்கினாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஹாலில் நின்று மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள். "அக்கா, இது நிக்கவே நிக்காதா?" என்றாள். அம்மா சிரித்தாள். "உங்க மாமா போயி வெட்டிக்கினு வர்ற நிலக்கரிதான். நல்லா காத்து வாங்கு."

அப்பா சுரங்கத்தில் நிலக்கரியைக் கொண்டுபோகும் பெல்ட் பகுதியில் வேலை பார்த்தார். ஷிஃப்ட் முடிந்து வந்தால் காது மடல்களில் பழுப்பு நிலக்கரிப் பொடி ஒட்டியிருக்கும். கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்த குடும்ப நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்ததற்குக் கிடைத்த வேலை அது. அப்பாவின் அக்கா, என் அத்தை, அந்த நிலத்தில் களையெடுத்துத்தான் தம்பியை வளர்த்தாளாம். தாய் தகப்பன் இரண்டு பேரும் முன்பே போய்விட்டார்கள். அதனால் எங்கள் வீட்டில் அத்தை சொன்னதற்கு மறுபேச்சு இருந்ததில்லை. அவள் வந்தால் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துகொள்வார்.

அந்த வருஷம் அம்மா மாசமாக இருந்தாள். எனக்குப் பிறகு வேறு குழந்தை இல்லாமல் எத்தனையோ கோயில்களுக்கு நடந்து, எல்லோரும் ஓய்ந்துபோன பிறகு தங்கியது. வயிறு தெரிய ஆரம்பித்ததிலிருந்து அவளுக்குச் சட்டங்கள் அதிகமாயின. வெளியே போகாதே, பழுத்த பலாவின் பக்கம் போகாதே, சாவு வீட்டுச் சேதி கேட்காதே. துணி உலர்த்தக்கூட விடுவதில்லை. அனல் மின் நிலையத்துச் சாம்பல் காற்றில் வந்து வெள்ளைத் துணியில் புள்ளி புள்ளியாக விழும். அதை உதறி மடிப்பது என் வேலையானது.

அம்மாவின் கால்கள் வீங்கின. கொலுசு சதைக்குள் புதைந்து, சித்தி சோப்புத் தண்ணீர் விட்டுத்தான் கழற்றினாள். நான் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து கணுக்காலில் கட்டைவிரலை அழுத்துவேன். பள்ளம் விழும். விரலை எடுத்த பிறகும் அது உடனே நிரம்பாது. எனக்கு அது விளையாட்டு. அம்மாவும் சிரித்துக்கொண்டே காலை நீட்டிக்கொடுப்பாள்.

"காலுல நீர் எறங்குனா ஆம்பளப் புள்ளதான்," என்றாள் அத்தை. அவள் வாரம் ஒருமுறை வருவாள். கீரை, முருங்கைக்காய், எங்கேயோ வாங்கிய தாயத்து என்று ஏதாவது இருக்கும் அவள் பையில்.

"டாக்டரு உப்பைக் கொறைக்கச் சொன்னாங்க அண்ணி. புதன்கெழம வரச் சொல்லியிருக்காங்க," என்றாள் அம்மா.

"போன தடவ இவளுக்குப் போயி வயித்தக் கிழிச்சிகினு வந்த. இப்ப எட்டாம் மாசம். வளைகாப்பு முடியட்டும். அதுவரைக்கும் ஆஸ்பத்திரிப் படிய மிதிக்காத. நான் பெத்த மூணும் வூட்லதான் பொறந்துச்சு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "அக்கா சொல்லுதுல்ல. அடுத்த வாரம் பாத்துக்கலாம்," என்றார். அடுத்த வாரமும் அப்படியே போனது. அத்தையைக் கெட்டவளாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தக் குழந்தைக்காக அவள் அளவுக்கு யாரும் மண்சோறு சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

இனி படத்துக்கு வருகிறேன்.

சித்திக்குப் பேய்ப்படம் என்றால் உயிர். படிப்புக்கு நடுவே தலையைத் தூக்கி எனக்கு ஏதாவது ஒரு பேய்ப்படத்துக் கதையைச் சொல்வாள், கதவு சத்தத்தைக்கூட வாயாலேயே போடுவாள். அம்மா கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு சனிக்கிழமை, டிவி சீரியலில் யாரோ ஒருத்தி அழுதுகொண்டிருந்தபோது அம்மா சட்டென்று ரிமோட்டை எடுத்து அணைத்தாள்.

"ஏய், கடத்தெருவுல டிஸ்க் கடை இருக்குல்ல? நல்ல பேய்ப்படமா ஒண்ணு எடுத்துக்கினு வாடி."

சித்தி சிரித்தாள். பிறகு அம்மா விளையாட்டாகச் சொல்லவில்லை என்று புரிந்து, "வேணாங்கா. மாசமா இருக்க. அண்ணிக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சுடும்," என்றாள்.

"அண்ணி செவ்வாக்கெழமதான் வரும். எத்தினி நாளைக்குடி நானு இந்தச் செவுத்தையே பாத்துகினு கெடக்குறது? சின்னதுல நாம திருட்டுத்தனமா டென்ட்டுக் கொட்டாயில பாப்போமே, அந்த மாரி."

சித்தி என்னைப் பார்த்தாள். நான் ஏற்கெனவே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

சித்தி சைக்கிள் மிதிக்க, நான் பின்னால் உட்கார்ந்து போனேன். வேப்பம்பூ கொட்டிக் கிடந்த சாலை. நகரியத்தின் எல்லா வட்டத்திலும் ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி வேலி. கடைக்காரர் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தார். எடுப்பவர்கள் குறைந்துவிட்டதால் வாடகை வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்றே கொடுத்துவிட்டார். ரோஜா நிறப் பிளாஸ்டிக் உறை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்தோம். அப்பா இரண்டாவது ஷிஃப்ட் போயிருந்தார். சித்தி ஜன்னல்களில் போர்வையைக் கட்டி இருட்டாக்கினாள். அம்மா சுவரில் சாய்ந்து இரண்டு தலையணை வைத்துக்கொண்டாள். நான் அவள் தொடையை ஒட்டி உட்கார்ந்தேன். ஒரு தட்டில் வறுத்த முந்திரி.

கதை இதுதான். ஏதோ பனி தேசம். மலைப்பாதையில் ஒரு பஸ் பழுதாகி நின்றுவிடுகிறது. அதில் வந்தவர்கள் பக்கத்தில் மூடிக்கிடக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்குகிறார்கள். பொழுது சாய்ந்ததும் பனிக்குள்ளிருந்து வெளுத்த முகங்கள் வருகின்றன. ரத்தக் காட்டேரிகள். அவற்றால் வெளிச்சத்துக்குள் வர முடியாது. பள்ளிக்கூடத்தில் ஒரு ஜெனரேட்டர் இருக்கிறது. அதில் டீசல் தீரும்வரை உயிர். அவ்வளவுதான் கதை. டீசலுக்காக ஒருவர் வெளியே போவார், திரும்பி வரமாட்டார். பிறகு இன்னொருவர்.

பல்ப் முதல்முறை மினுங்கி அணைந்தபோது நான் அம்மாவின் புடவையால் முகத்தை மூடிக்கொண்டேன். சித்தி சிரித்தாள். "எங்க ஊரா இருந்தா மொத நாளே அத்தினி பேரும் காலி. காட்டேரிக்கு டைம் டேபிள் போட்டுக் குடுத்திருப்பானுவ, இத்தினி மணிலேருந்து இத்தினி மணி வரைக்கும் வந்து குடிச்சிக்கன்னு." அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தமிழ் பேசிய காட்டேரி வேறு, "டேய், கதவைத் தொறங்கடா" என்று சென்னைக்காரனைப்போல அதட்டியது. நான்கூடப் புடவையை விலக்கிச் சிரித்தேன். சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, அந்த மதியம் எங்கள் வீட்டில் அந்த வருஷம் முழுக்கக் கேட்காத சிரிப்பு கேட்டது.

படத்தில் ஒரு கர்ப்பிணி இருந்தாள். பஸ்ஸில் தனியாக வந்தவள். புருஷன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மற்றவர்கள் அவளை ஒரு சுமையாகத்தான் பார்த்தார்கள். ஓட முடியாதவள் எதற்கு என்று ஒருவன் வெளிப்படையாகவே பேசினான். அம்மா அவளை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று இப்போது நினைக்கிறேன்.

பாதிப் படத்தில் அம்மா நெற்றியைத் தேய்த்தாள். "தலை வலிக்குதுடி. துண்டை நனைச்சுக் குடு." சித்தி நனைத்துக் கட்டிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "கண்ணு முன்னாடி என்னமோ பூச்சி பறக்குற மாரி இருக்கு," என்றாள் அம்மா.

"நிறுத்திடட்டுமாக்கா? இருட்டுல பாக்கறதுனாலயா இருக்கும்."

"வேணாம், ஓடட்டும். அவ என்னா ஆவுறான்னு பாத்துடணும்."

கடைசியில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. இருந்தவர்களும் போய்விட்டார்கள். அந்தக் கர்ப்பிணி மட்டும் கரும்பலகைகளைக் கழற்றி ஒரு மூலையில் அடைத்துக்கொண்டு, கையில் ஒரு தீப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு குச்சியாகக் கிழித்தாள். ஒவ்வொரு குச்சிக்கும் அம்மாவின் கை என் தோளை அழுத்தியது. "பொழச்சுக்குவா பாரு," என்றாள் அம்மா, எங்களிடம் இல்லை, தனக்கே சொல்வதுபோல. பொழுது விடிந்தது. அவள் வெளியே வந்து வெயிலில் நின்றாள். அத்தோடு படம் முடிந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஆனால் முகம் மலர்ந்திருந்தது. "ஆம்பளைங்க அத்தினி பேரும் போயிட்டானுவ, அவ ஒருத்தி நின்னா பாத்தியா," என்று சித்தியிடம் சொன்னாள். சித்தி போர்வைகளை அவிழ்த்தாள். ஹாலுக்குள் நாலு மணி வெயில் விழுந்தது. அம்மா தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் காலை நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அடுக்களையில் பாத்திரம் விழும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தபோது அம்மா தரையில் கிடந்தாள். கைகால் இழுத்துக்கொண்டிருந்தது. கண்கள் மேலே போயிருந்தன. சித்தி அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "மாமா, மாமா" என்று கத்தினாள். அப்பா பக்கத்து வீட்டுக்காரரின் காரில் அம்மாவை ஏற்றினார். அம்மாவின் ஒரு கை காருக்கு வெளியே தொங்கியது. சித்தி அதை உள்ளே எடுத்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

குழந்தை பிறந்தபோதே உயிர் இல்லை. ஆண் குழந்தை. என்னிடம் காட்டவில்லை. ஒரு வெள்ளைத் துணி மூட்டையை அப்பா இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனதை மட்டும் தாழ்வாரத்தின் மறுமுனையிலிருந்து பார்த்தேன். அம்மா பிழைப்பாளா என்று இரண்டு மூன்று நாட்கள் தெரியவில்லை.

குழந்தை பிறந்த அன்று மதியம் டாக்டர் வெளியே வந்து அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். சித்தியும் பக்கத்தில் நின்றாள். நான் பெஞ்சில் இருந்ததால் பேச்சு கேட்கவில்லை. டாக்டர் கேள்வி கேட்பதும் அப்பா தலையை ஆட்டுவதும் தெரிந்தது. பிறகு அப்பாவின் தலை ஆடவில்லை, குனிந்தே இருந்தது. டாக்டர் போன பின் அப்பா சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அழுகிறார் என்று நினைத்தேன்.

அத்தை பதறிக்கொண்டு வந்து சேர்ந்தாள். வழியெல்லாம் மாரில் அடித்துக்கொண்டு வந்திருப்பாள்போல, ரவிக்கை கிழிந்திருந்தது. "என்னாடா தம்பி சொன்னாங்க?" என்றாள். அப்பா, "ஒண்ணும் சொல்லல" என்றார்.

துணிமணி எடுக்க அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். டிவி மேல் அந்த ரோஜா நிற உறை. ஒரு பக்கம் வெளுத்த முகமும் ரத்தம் வழியும் வாயும் மட்டும் அச்சடித்த தாள். அத்தை அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இதயா பாத்தீங்க?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அவ்வளவுதான் கேட்டாள். படத்தை யார் கேட்டது என்று அவள் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை.

அதன் பிறகு எல்லோரிடமும் ஒரே பேச்சு. பயந்துட்டா. வயித்துப் புள்ளைக்கே பயம் ஏறிடுச்சு. ரத்தம் குடிக்கிற பேயைப் பாத்தா வயித்துல உள்ளது தங்குமா? அக்கம்பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் பிளாஸ்கில் காபி கொண்டு வந்தவர்கள், அதே காபியோடு இதையும் பேசிவிட்டுப் போனார்கள். படித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அத்தை அந்த டிஸ்க்கைத் தோட்டத்தில் போட்டுக் கொளுத்தினாள். பிளாஸ்டிக் உருகிய கரும்புகை, உலர்ந்துகொண்டிருந்த துணிமேல் படிந்தது.

அத்தை சித்தியின் முகத்துக்கு நேராகவே, "கரண்டுக்கு வந்தவ என் தம்பி வூட்டு வெளக்க அணைச்சுட்டுப் போறா," என்றாள். சித்தி கைடுகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு புத்தகம் உள்ளே போகவில்லை. திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள். கடைசியில் அதை அலமாரியிலேயே விட்டுவிட்டாள்.

பஸ் நிறுத்தம்வரை நான் கூடப் போனேன். "சித்தி, அம்மாதானே கேட்டாங்க?" என்றேன்.

அவள் என் வாயைப் பொத்தினாள். "அத எங்கயும் பேசாத. அக்கா இந்த வூட்லதான் இருந்தாவணும். புரியுதா?"

எனக்குப் புரியவில்லை. தலையாட்டினேன்.

சித்தி அந்த வருஷம் தேர்வு எழுதவில்லை. ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. அம்மா கல்யாணத்துக்குப் போனாள், ஆனால் மேடை ஏறவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சித்தி மணக்கோலத்தில் அவளைத் தேடிக்கொண்டே இருந்ததை நான் பார்த்தேன். அக்காவுக்குக் கோபம் ஆறவில்லை என்று ஊரே பேசியது. நானும் அப்படித்தான் நினைத்தேன். விசேஷங்களில் பார்த்தால் இருவரும், "வந்தியா", "சாப்டியா" என்று கேட்டுக்கொள்வார்கள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அம்மா அதற்குப் பிறகு எந்தப் படமும் பார்க்கவில்லை. டிவியில் காமெடி ஓடினாலும் எழுந்து உள்ளே போய்விடுவாள். யார் வீட்டுக் குழந்தையையும் தூக்கமாட்டாள். மடியில் கொடுத்தால், "கையில ஈரம் இருக்கு" என்பாள். ஈரம் இருக்காது. அவளுக்குப் பயம் தெளியவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். மந்திரித்த கயிறு வருஷா வருஷம் மாறியது.

ஓய்வு பெற ஆறேழு வருஷம் இருக்கும்போதே அப்பா நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டுக்கு வந்தோம். அதற்கு அடுத்த வருஷம் அத்தையும் போய்விட்டாள்.

இந்த வருஷத் தொடக்கத்தில் நான் மாசமானேன். கடலூரில் ஒரு டாக்டரிடம் காட்டுகிறோம். நம் வயதுதான் இருப்பார். முதல் நாள் அம்மாவும் கூட வந்திருந்தாள். எனக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே டாக்டர் கேட்டார், "உங்க அம்மாவுக்குப் பிரசவத்துல பிரஷர், வலிப்பு எதுவும் வந்திருக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் அம்மா பேசினாள். "எனக்கு வலிப்பு வந்துச்சு டாக்டரம்மா. ஆனா அது பயத்துல."

"என்ன பயம்மா?"

"பேய்ப்படம் பாத்தேன். மறுநாளு வந்துச்சு. புள்ள எறந்துபோச்சு."

டாக்டர் சிரிக்கவில்லை. என் கையிலிருந்து பட்டையை அவிழ்த்துவிட்டு நாற்காலியை அம்மாவின் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒவ்வொன்றாகக் கேட்டார். கால் வீங்கியிருந்ததா? தலைவலி? கண் முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி? அம்மா வகுப்பில் எழுந்து நிற்கும் பிள்ளையைப்போல ஒவ்வொன்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றாள்.

"அதுக்கு முன்னாடி செக்கப் போனீங்களா?"

"வரச் சொன்னாங்க, போவல. வளைகாப்பு முடியட்டும்னாங்க."

"அம்மா, அது பிரஷர். படம் பாக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்கு இருந்திருக்கு. அன்னிக்கு நீங்க சாமி படம் பாத்திருந்தாலும் வலிப்பு வந்திருக்கும்."

"பயந்தா வராதா?"

"பயத்துல அது வராதும்மா."

"நான் அன்னிக்குப் பயப்படவே இல்ல டாக்டரம்மா," என்றாள் அம்மா. "நல்லா சிரிச்சிகினுதான் இருந்தேன். அதான் சாமி தண்டிச்சிடுச்சுன்னு."

டாக்டர் அம்மாவின் கையைத் தொட்டார். எனக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

வெளியே மருந்துக் கடை முன்பு ஒரு சிமென்ட் பெஞ்ச் இருந்தது. அம்மா அதில் உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்பாள் என்று நினைத்தேன். "சித்திக்குப் போன் போட்டுக் குடு," என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதே இல்லை. எண்ணை அழுத்தி, அவளுக்குக் காது சரியாகக் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். சித்தியும் இப்போது பனியன் கம்பெனிக்குத்தான் போகிறாள், அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். அந்தப் பக்கம் டிபன் பாக்ஸ் சத்தமும் பெண்களின் பேச்சும் கேட்டது.

"நான்தாண்டி."

"அக்காவா? என்னாக்கா, பாப்பாவுக்கு எதுனா..."

"அவ நல்லா இருக்கா." அம்மா மூச்சை இழுத்துக்கொண்டாள். "நான் கொல்லலியாம்டி."

"என்னாக்கா சொல்ற?"

"புள்ளய. படத்துனால இல்லியாம். பிரஷராம். டாக்டரம்மா இப்பதான் சொன்னாங்க."

அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் குறைந்தது. சித்தி எழுந்து எங்கேயோ ஓரமாகப் போயிருக்க வேண்டும்.

"அக்கா," என்றாள் சித்தி. "அது எனக்கு அன்னிக்கே தெரியும்கா. டாக்டரு மாமாகிட்ட சொல்லக்குள்ள நானும் நின்னுகினுதான இருந்தேன். ஏன் முன்னாடியே கூட்டிக்கினு வரலன்னு கேட்டாங்க. மாமா என் கையப் புடிச்சிகினு அழுதாரு. வெளிய தெரிஞ்சா அண்ணி தாங்காது, உசிர வுட்டுடும்னாரு. நீயும் அந்த வூட்லதான இருந்தாவணும். சரி, என் மேல போவட்டும்னு வந்துட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீயும் என் மேலதான் கோவமா இருக்கன்னு நெனச்சேன். சொன்னா உனக்கு மாமா மேலயும் அண்ணி மேலயும் வெறுப்பு வந்துடும். எப்படி குடும்பம் நடத்துவ?"

"உன் மேல எனக்கு என்னாடி கோவம்? படத்த எடுத்தாரச் சொன்னது நானு. நிறுத்தட்டுமான்னு நீ கேட்ட, வேணாம்னது நானு. உன் மூஞ்சியப் பாத்தா எனக்கு அதான் நெனப்பு வரும். பெத்த கையாலயே வாரிக் குடுத்துட்டமேன்னு..." அம்மாவால் முடிக்க முடியவில்லை.

சித்தியின் குரல் கிழிந்து வந்தது.

"நீ உன்னையவா சொல்லிக்கினு இருந்த? இத்தினி வருசமும்? அய்யோ அக்கா. எல்லாரும் என்னைத்தான சொன்னாங்க. பழி என்னோட போச்சுன்னு நெனச்சிகினு இருந்தேனே. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரி நடுவுல நின்னு கத்திச் சொல்லியிருப்பேனே."

அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் நான் அம்மாவின் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பக்கம் கம்பெனி மணி அடித்தது. தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின.

"மணி அடிக்குது பாரு, போடி," என்றாள் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "சம்பளத்துல புடிச்சிடப் போறாங்க."

"புடிக்கட்டும்," என்றாள் சித்தி.